சமையலறையில் கற்ற ஜெர்மன்

(நாக்பூரில் நடந்த மூத்த உறுப்பினர்கள் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன கூட்டத்தில் பேசிய டாக்டர் ரத்த அழுத்தம் பற்றிப் பேசினார். அதற்கு முந்தைய கூட்டத்தில் ஒரு வக்கீல் நண்பர் உயில் எழுதுவது எப்படி என்று விளக்கினார். இரண்டும் நம் வயதுக்குப் பொருத்தமான விஷயங்கள். இந்த முறை செயலாளர் என்னிடம் வந்து, "சார், நீங்கள் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், பி.எஸ்ஸி. வேறு. ஏதாவது பிரயோஜனமாகச் சொல்லுங்கோ" என்றார். ஜெர்மன் மொழியில் சாப்பாட்டுச் சாமான்களின் பெயர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த ஹாலில் கையைத் தூக்கச் சொன்னால் பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில்தான் இருப்பார்கள். அமெரிக்கா என்றால் கவலையில்லை, இங்கிலீஷ் போதும். ஜெர்மனி அப்படியில்லை. அங்கே போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வரும் பெற்றோர்கள் பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் ஊரைப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் ஷ்டுட்கார்ட் நகரத்தில் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் நானும் என் சகதர்மிணியும் முதல் தடவையாகப் போனோம். போன மறுநாள், பக்கத்துக் கடையில் குடிதண்ணீர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். பாட்டிலில் தண்ணீர் இருக்கிறது, விலை போட்டிருக்கிறது, இதற்கு மொழி எதற்கு? ஆறு பாட்டில் கொண்ட கட்டைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தேன். சகதர்மிணி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏன்னா, இது சோடான்னா!" என்றாள். ஆறும் சோடா. மூன்று நாள் அதைத் திறந்து வைத்து, வாயு போன பிறகு குடித்தோம்.

பெண் சாயங்காலம் வந்து பாட்டிலில் இருந்த சொல்லைக் காட்டினாள். கோலன்ஸோய்ரெ. கோல என்றால் கரி, ஸோய்ரெ என்றால் அமிலம். கார்பானிக் அமிலம்! நான் படித்தது வேதியியல். 1970-ல் பட்டம் வாங்கியபோது எங்கள் பேராசிரியர், "மேலே ஆராய்ச்சிக்குப் போவதாக இருந்தால் ஜெர்மன் படி, பழைய ரசாயனக் கட்டுரைகளில் பாதி அந்த மொழியில்தான் இருக்கின்றன" என்றார். நான் மேலே போகவில்லை. சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது, ஃபைல்களோடு 36 வருஷம் போயிற்று. பேராசிரியர் சொன்ன பாடம் 52 வருஷம் கழித்து ஒரு சோடா பாட்டிலில் வந்து சேர்ந்தது. "ஓன கோலன்ஸோய்ரெ" என்று போட்டிருந்தால் வாயு இல்லாத தண்ணீர். ஓன என்றால் இல்லாமல், மிட் என்றால் உடன். சைவச் சாப்பாட்டுக்காரன் முதலில் கற்க வேண்டிய சொல் இந்த ஓனதான்.

அப்போதும் நான் படிக்க உட்காரவில்லை. உட்கார வைத்தது வேறு ஒரு சம்பவம்.

பேத்திக்கு அப்போது மூன்று வயது. கிட்டா என்று சொல்லப்படும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாம் பேசும் தமிழ் எல்லாம் அவளுக்குப் புரியும். ஆனால் பதில் ஜெர்மனில்தான் வரும். ஒரு நாள் அவளுக்கு ஜுரம். பெண்ணும் மாப்பிள்ளையும் தவிர்க்க முடியாத வேலையாக ஆபீஸ் போய்விட்டார்கள். மத்தியானம் தூக்கத்திலிருந்து எழுந்து "டுர்ஸ்ட், டுர்ஸ்ட்" என்று அழ ஆரம்பித்தாள். பசி என்று நினைத்து ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தோம், தள்ளிவிட்டாள். வாழைப்பழம், பிஸ்கட், பாலைச் சூடு பண்ணிக் கொடுத்தோம். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இன்னும் பெரிதாக அழுதாள். பெண்ணின் ஃபோன் எடுபடவில்லை. இருபது நிமிஷம் கழித்து அவள் கூப்பிட்டு, "அப்பா, அவளுக்கு தாகமா இருக்குப்பா, தண்ணி குடு" என்றாள். தண்ணீர் மேஜை மேலேயே இருந்தது. அந்த ஊர்க் குளிரில் தாகம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இங்கே விவரிக்க முடியாது.

அன்று ராத்திரி பெண்ணிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கினேன்.

இலக்கணப் புத்தகத்தை எடுத்தால் இந்த வயதில் தாங்காது. சமையலறையில் ஆரம்பிப்பது என்று வைத்துக்கொண்டோம். பெண் ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு ஒட்டினாள். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, நபும்ஸகத்துக்குப் பச்சை. ஏனென்றால் அந்த மொழியில் சாமான்களுக்கெல்லாம் பால் உண்டு. டேர் என்றால் ஆண், டீ என்றால் பெண், டாஸ் என்றால் இரண்டும் அல்லாதது. மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் மூன்றையே பாருங்கள்: ஸ்பூன், டேர் லோஃபல், ஆண், முள்கரண்டி, டீ காபல், பெண், கத்தி, டாஸ் மெஸ்ஸர், நபும்ஸகம். தேநீர்கூட ஆண்பால், டேர் டே. உயிரில்லாததை எல்லாம் அஃறிணை என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்த தமிழ் எவ்வளவு சௌகரியம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆனால் சம்ஸ்கிருதம் கொஞ்சம் படித்தவர்கள் இதற்கு மிரள வேண்டாம். மனைவிக்கு பார்யா என்றால் பெண்பால், தார என்றால் ஆண்பால், அதுவும் பன்மையில், களத்ரம் என்றால் நபும்ஸகம். அதையே ஜீரணித்தவர்கள் நாம். சமாசமும் நமக்குப் பழக்கம். அவர்கள் சொற்களை இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டே போவார்கள். கடைசிச் சொல்லின் பால்தான் மொத்தத்துக்கும். வெண்ணெய் பெண்பால், டீ புட்டர்; ரொட்டி நபும்ஸகம், டாஸ் ப்ரோட்; வெண்ணெய் தடவிய ரொட்டி டாஸ் புட்டர்ப்ரோட். தத்புருஷ சமாசத்துக்குப் பாணினி சொன்ன விதியும் இதேதான். நீளமான சொல்லைக் கண்டால் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்.

சீட்டு ஒட்டுவதற்கு முன்பே ஒரு விபத்து நடந்திருந்தது. கடையில் கும்மல் என்று ஒரு பாக்கெட். பார்க்க ஜீரகம். கும்மல், கம்மின் என்று காதுக்கும் ஒத்துப்போனது. சகதர்மிணி அதைப் பொடித்து ரசம் வைத்தாள். ரசம் ஏதோ மருந்துக்கடை வாசனை அடித்தது. கும்மல் என்பது ஷாஜீரா மாதிரியான வேறு விதை. அவர்கள் ரொட்டியிலும் முட்டைக்கோஸிலும் போடுவது. நம் ஜீரகத்துக்குப் பெயர் க்ராய்ட்ஸ்கும்மல், 'சிலுவைக் கும்மல்'. இந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி வைத்துக்கொண்டாலும் நான் பேசியது வீண் போகாது. கூடவே இன்னும் சில: உப்புமா ரவைக்கு க்ரீஸ், கடுகுக்கு ஸென்ஃப், வெந்தயத்துக்கு பாக்ஸ்ஹார்ன்க்லே, அதாவது ஆட்டுக்கொம்புப் புல். பெருங்காயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பழைய பெயர் டொய்ஃபல்ஸ்ட்ரெக், 'சாத்தானின் மலம்'. சகதர்மிணியிடம் இதைச் சொன்னேன். அவள் அந்த டப்பாவில் சீட்டு ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

இதற்கு நேர்மாறாக, சில சொற்களைப் பார்த்தால் நம் வீட்டிலிருந்து போனவை. இஞ்சிக்கு இங்வர். இஞ்சி வேர் என்ற தமிழ்ச் சொல்தான் பாலி, கிரேக்கம், லத்தீன் என்று பல ஊர் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தது என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். மிளகு ப்ஃபெஃபர், அது பிப்பலியின் வழி வந்தது, அதாவது நம் கண்டதிப்பிலி ரசத்துத் திப்பிலி. சர்க்கரை அராபியர் கை மாறி ட்ஸுக்கர் ஆனது. கற்கண்டுக்கு கான்டிஸ், கண்டு என்பது அதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பிரயாண அலுப்பில் மூக்கு முகம் மாறிப்போன உறவுக்காரர்களைக் கல்யாண வீட்டில் அடையாளம் கண்டுபிடிப்பது போல இருந்தது எனக்கு.

விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. பருப்புக்கு லின்ஸெ என்று பெயர். கண்ணாடி வில்லைக்கும் அதே லின்ஸெதான். பூதக்கண்ணாடியின் வடிவம் பருப்பு மாதிரி இருந்ததால் லத்தீனில் பருப்புக்கு இருந்த லென்ஸ் என்ற பெயரை அதற்கும் வைத்தார்கள். பௌதிக வகுப்பில் எத்தனை முறை லென்ஸ் வரைந்திருப்போம்; பருப்பைத்தான் வரைகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஹாலில் பலர் கண்ணில் ஆளுக்கு இரண்டு பருப்பு இருக்கிறது, எனக்கும் சேர்த்துத்தான். மைசூர்ப் பருப்பு 'சிவப்பு லின்ஸன்' என்ற பெயரில் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும்.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் சகதர்மிணிக்கே இது இன்றுதான் தெரியப்போகிறது.

முதல் பயணத்தில் பேத்தியோடு சிநேகமாக வேண்டும் என்று, கரடி வடிவத்தில் வண்ண வண்ணமாக இருக்கும் மிட்டாய்ப் பாக்கெட்டுகள் வாங்கிக் கொடுத்தேன். அவள் எனக்கும் ஊட்டுவாள். பல் இல்லாதவனுக்கும் சௌகரியமான மிட்டாய். இரண்டு வாரம் தினம் நாலு கரடி சாப்பிட்டிருப்பேன். 2024-ல் இரண்டாவது தடவை போனபோது, நோட்டுப் புத்தகம் கையில் இருந்ததால் அதே பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். ட்ஸூடாட்டன், சேர்மானங்கள். அதன் கீழே மூன்றாவதோ நாலாவதோ, கெலாடீனெ. ஜெலாடின். மிருகங்களின் தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்து எடுப்பது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். சொல்லும் இங்கிலீஷ் சொல்தான், ஓரெழுத்து வித்தியாசம். முதல் தடவையே படித்திருக்கலாம். அந்நிய பாஷை, நமக்குப் புரியாது என்று முடிவு கட்டிக்கொண்டு, கண்ணெதிரே இருந்த எழுத்தைப் படிக்காமல் விட்டேன்.

பெண்ணிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்ப்பா. கிட்டாவுல யார் பிறந்தநாள்னாலும் அதைத்தான் தருவா. எல்லாரும் சாப்பிடும்போது இவ கையைக் கட்டிண்டு நிக்கணுமா?" என்றாள். அரைமணி நேரம் எங்களுக்குள் வாக்குவாதம். அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. கடைசியில் அவளே, "அதே மிட்டாய் பெக்டின்ல பண்றா, தேடிப் பாருங்கோ" என்றாள். பெக்டின் ஆப்பிள் சக்கையிலும் எலுமிச்சை வகைத் தோலிலும் இருந்து எடுப்பது, தோஷமில்லை. பேத்திக்கு அப்போது ஐந்து வயது, எழுத்துக் கூட்ட ஆரம்பித்திருந்தாள். நானும் அவளும் கடையில் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பி, அவள் எழுத்தைக் கண்டுபிடிக்க, நான் சொல்லைப் படிக்க, ஒரு மணி நேரம் தேடினோம். கடைக்காரப் பெண் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமான ஒரு மணி நேரம் எனக்கு ரிடையர் ஆன பிறகு கிடைத்ததில்லை.

பாக்கெட் படிப்பதில் சில சூட்சுமங்கள் உண்டு. நம் ஊர்ப் பச்சைப் புள்ளி அங்கே கிடையாது. சைவக் குறி போடுவது கம்பெனியின் இஷ்டம். சேர்மானங்களை எடைப்படி, அதிகமானதை முதலில் எழுத வேண்டும். 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்களைப் பட்டியலில் பளிச்சென்று தெரியும்படி காட்ட வேண்டும். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். முட்டையும் மீனும் அதில் அடக்கம். ஆகவே அவை சட்டென்று கண்ணில் படும். முட்டைக்குச் சொல் 'ஐ'. நம் வீட்டில் முட்டையைக் கண்டால் சொல்லும் 'ஐயே'வில் பாதி. ஐஸ் என்றால் ஐஸ்கிரீம், குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் இறைச்சி அந்த 14-ல் இல்லை. அது சாதா எழுத்தில் ஒளிந்திருக்கும். ஷ்பெக் என்றால் பன்றிக் கொழுப்பிறைச்சி, ஷ்மால்ட்ஸ் பெரும்பாலும் பன்றி நெய், ஷிங்கன் பன்றித் தொடை. பாலாடைக்கட்டியில் லாப் என்று இருந்தால் உறையூற்றும் பொருள்; அது கன்றின் வயிற்றிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம், அடைமொழியைப் பார்க்க வேண்டும்.

வாலைப் பிடித்துப் படிக்கச் சொன்னேன் அல்லவா? அதிலும் ஏமாற்றுப் பேர்வழிகள் உண்டு. லேபர்கேஸெ என்பதில் கேஸெ என்றால் பாலாடைக்கட்டி. ஆனால் அதில் பாலாடைக்கட்டி கிடையாது. அரைத்த மாமிசத்தை அச்சில் வைத்துச் சுட்டது. கரிவுர்ஸ்ட் என்பதில் நம் கறி இருக்கிறதே என்று போனால், 1949-ல் பெர்லினில் பிறந்த பன்றி ஸாஸேஜ் பலகாரம். ஷ்டுட்கார்ட் பக்கத்து மௌல்டாஷன் பார்வைக்கு நம் சோமாசியின் தம்பி. கிறிஸ்தவர்கள் மாமிசம் ஒதுக்கும் விரத நாட்களில் ஒரு மடத்துத் துறவிகள் மாமிசத்தை மாவுக்குள் ஒளித்துச் சாப்பிட்டார்கள் என்று அந்த ஊரில் கதை சொல்கிறார்கள். அதற்குச் செல்லப் பெயரே 'கடவுளை ஏமாற்றும் பயல்' என்ற அர்த்தத்தில்தான். இப்போது காய்கறி வைத்ததும் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. ஆரஞ்சு ரசப் பாட்டிலில் 'மிட் ஃப்ருக்ட்ஃப்ளைஷ்' என்று பார்த்துப் பதறிப்போய்த் திரும்ப வைத்தேன். ஃப்ளைஷ் என்றால் மாமிசம். பெண் சிரித்தாள். அது பழத்தின் சதைப்பற்று. நாமும் பழத்துக்குச் சதை என்றுதானே சொல்கிறோம்?

வெளியிலே நான் பேசிய முதல் முழு வாக்கியம் பேக்கரியில். ப்ரெட்ஸல் என்று முறுக்கிய ரொட்டி இருக்கிறதே, சுடுவதற்கு முன் அதை நீர்த்த சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் முக்குகிறார்கள். காஸ்டிக் சோடா! சூளையில் அது கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகிவிடுகிறது, அந்தப் பழுப்பு நிறமும் மினுமினுப்பும் காரத்தின் வேலை. நம் அப்பளக்காரம்தான், வேறு வேஷத்தில். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே வரிசையில் நின்று, என் முறை வந்ததும், "இஸ்ட் டா ஷ்மால்ட்ஸ் ட்ரின்?" என்று கேட்டேன். இதில் பன்றி நெய் உண்டா? அந்த அம்மாள், "நைன், நூர் புட்டர்" என்றாள். இல்லை, வெண்ணெய் மட்டும்தான். நாலு வாங்கினேன். இரண்டு போதும், சந்தோஷத்தில் நாலு.

வேளைச் சாப்பாட்டின் பெயர்களைச் சொல்ல மறந்துவிட்டேன். காலை ஆகாரம் ஃப்ரூஷ்டுக், 'அதிகாலைத் துண்டு'. மத்தியானம் மிட்டாக்எஸ்ஸன். ராத்திரிக்கு ஆபன்ட்ப்ரோட், 'சாயங்கால ரொட்டி'. பெயருக்கேற்ப அடுப்பு மூட்டாமல் ரொட்டியும் வெண்ணெயும்தான் பழைய வழக்கம். ராத்திரி சுடச்சுட சாதம் வேண்டும் என்கிற நம்மவர்களுக்குக் கஷ்டம்தான். உட்கார்ந்ததும் "கூட்டன் அப்படீட்" என்று ஒருவருக்கொருவர் சொன்ன பிறகே சாப்பிட ஆரம்பிப்பார்கள். பேத்தி இதில் ரொம்பக் கண்டிப்பு. நான் பரிசேஷணம் பண்ணி முடித்ததும், அதையும் சொல்ல வைத்துவிட்டுத்தான் கவளத்தை எடுக்க விடுவாள்.

வயிறு நிறைந்தால் ஸாட் என்று ஒரு சொல் உண்டு. தாகம் தீர்ந்தால் சொல்ல அவர்களிடம் சொல் இல்லை. 1999-ல் டூடன் அகராதிக்காரர்களும் ஒரு தேயிலைக் கம்பெனியும் சேர்ந்து இதற்கென்று போட்டி வைத்து, 'ஸிட்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அது புழக்கத்தில் இருக்கிறது. 2024-ல் ஒரு நாள் பேத்தி விளையாடிவிட்டு ஓடி வந்து, "டுர்ஸ்ட்" என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் டம்ளர் அவள் கையில் இருந்தது. குடித்துவிட்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி, "ஸிட், தாத்தா" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் வருகிறாள். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று ஜெர்மனில் கேட்பாள். "ரைஸ் மிட் ரசம்" என்பேன். போன வாரம் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "தாத்தா, ரசம் டேரா, டீயா, டாஸா?" அவள் தமிழில் கேட்டது இதுதான் முதல் முழு வாக்கியம் என்று நினைக்கிறேன். சம்ஸ்கிருதத்தில் ரஸ: ஆண்பால், ஆகவே டேர் ரசம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பின்னாலிருந்து சகதர்மிணி, "தினம் வைக்கறது நான், அது ஆண்பாலா?" என்றாள். பேத்தி உடனே பாட்டி கட்சிக்குப் போய்விட்டாள். டீ ரசம் என்று அவள் சீட்டு எழுதி, சிவப்புக் கலர் அடித்து, அங்கே ரசப்பொடி டப்பாவில் ஒட்டிவிட்டாளாம். நான் ஆட்சேபணை தெரிவித்திருக்கிறேன். விவகாரம் நிலுவையில் இருக்கிறது.